மே 6 இரவு, ஃபிரோஸ்பூர்: பாப்பாவை ஊருக்கு அனுப்பலாமா?

வைகைக்கரை
மே 6, 2025, இரவு 10:50

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரை, செல்லூர். வங்கி வேலை. இரண்டு வருடமாகப் பஞ்சாபில் ஃபிரோஸ்பூரில் இருக்கிறேன். மனைவியும் பதினான்கு மாதப் பெண் குழந்தையும் என்னோடுதான் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 22-ல் காஷ்மீரில், பஹல்காமில் தீவிரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றதிலிருந்து ஊர் முகமே மாறிவிட்டது. பாகிஸ்தான் எல்லையில் ஹுசைனிவாலா இருக்கிறது, பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் நினைவிடம் இருக்கும் இடம். எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்விடலாம். மார்ச்சில்தான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாலை அணிவகுப்பு பார்த்துவிட்டு வந்தோம். இப்போது அந்தச் சாலைப் பக்கம் போகவே மனம் வரவில்லை. வேலிக்கு அப்பால் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் கோதுமையை அவசர அவசரமாக அறுத்து முடித்துவிட்டார்கள். எங்கள் கிளைக்கு வருபவர்கள் கணக்கில் பணம் போட வருவதில்லை, எடுக்கத்தான் வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணியிலிருந்து 9:30 வரை கன்டோன்மென்ட்டில் விளக்கணைப்பு ஒத்திகை நடந்தது. நாளை நாடு முழுக்க ஒத்திகையாம். 1971-க்குப் பிறகு இப்படி நடப்பது இப்போதுதான் என்கிறார்கள்.

அம்மா தினமும் நாலு தடவை போன் செய்கிறார். "பிள்ளையையாவது கொண்டுவந்து விட்டுட்டுப் போடா" என்கிறார். மனைவியோ, போனால் மூன்று பேரும் போவோம், இல்லாவிட்டால் மூன்று பேரும் இருப்போம் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். இங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு வாரம் ஒரு ஹம்சஃபர் ரயில் போகிறது. ஏறி உட்கார்ந்தால் மானாமதுரையில் இறங்கிக்கொள்ளலாம். டிக்கெட் போடும் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பாப்பாவைத் தூங்க வைக்கும்போது கந்த சஷ்டி கவசம் சொல்வது எனக்குப் பழக்கம். என் அப்பா எனக்குச் சொன்னது. தலையிலிருந்து கால்வரை ஒவ்வோர் உறுப்பாக வேல் காக்கட்டும் என்று வரும் இல்லையா, அந்த இடத்தில் பாப்பாவை அங்கங்கே தொட்டுத் தொட்டுச் சொல்வேன். நெற்றி, காது, பிடரி, முழங்கால், உள்ளங்கால். உள்ளங்கால் வருவதற்குள் தூங்கிவிடுவாள். ஞாயிறு இரவு அந்த இருட்டிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இவ்வளவு நுணுக்கமாக ஓர் உடம்புக்குக் காவல் கேட்கிறேன். ஏவிவிட்ட குண்டு எங்கேயாவது விழுந்துதானே ஆக வேண்டும்? "இங்கே வேண்டாம்" என்று நான் கேட்டால், "பக்கத்து வீட்டில் போடு" என்று கேட்பதாகத்தானே ஆகிறது? ஒரு தகப்பன் இப்படி வேண்டிக்கொள்ளலாமா?


வேலூர் ஹவில்தார்
மே 6, 2025, இரவு 11:35

தம்பி, முதலில் உன் கைக்கு எட்டுகிற வேலையைச் சொல்கிறேன்.

ஜன்னல் இல்லாத உள் அறை ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள். இல்லையென்றால் மாடிப்படிக்கு அடியில். கண்ணாடிகளுக்குக் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டு, அதன்மேல் கறுப்பு சார்ட் பேப்பர். ஒரு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர். பாப்பாவின் பால் பவுடர், காய்ச்சல் மருந்து, தடுப்பூசி அட்டை, உங்கள் ஆதார், கொஞ்சம் ரொக்கம், எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். டார்ச்சின் முகத்தில் துணியைக் கட்டு. ராணுவ வண்டிகள் எங்கே நிற்கின்றன, எந்தப் பக்கம் போகின்றன என்பதை இங்கேயோ வேறெங்கேயோ எழுதாதே. சொந்தக்காரர்களிடமும் சொல்லாதே.

2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதல் முடிந்ததும் எங்கள் யூனிட்டை நீ இப்போது இருக்கும் ஊர்ப் பக்கம்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். பத்து மாதம் அங்கேயே இருந்தோம். வயலெல்லாம் கண்ணிவெடி. இன்றைக்கு, நாளைக்கு என்று காத்திருந்ததில் என் பையன் நடக்கத் தொடங்கியதை நான் பார்க்கவில்லை. போர் வரவில்லை. ஆனால் அந்தக் கண்ணிகளில் கால் போன விவசாயிகளைப் பார்த்தேன். வராத போரும் அவ்வளவு செய்யும். அதனால் பதறாதே, அலட்சியமாகவும் இருக்காதே.

உன் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.


ஈரோட்டுக்காரன்
மே 7, 2025, காலை 12:20

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் தங்களைத் தாங்களே இப்படிக் கேட்டுக்கொண்டு நான் பார்த்தது குறைவு.

குழந்தையை அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் வேண்டுதலின் தலையில் கட்டாதீர்கள். தூரம், வழி, உங்கள் மனைவியின் மனநிலை, இந்த மூன்றையும் வைத்து நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவெடுங்கள். மாட்டேன் என்கிறவரைக் கட்டாயப்படுத்தி ரயிலேற்றினால், இரண்டரை நாள் பயணத்தில் கைக்குழந்தையோடு அவர் தனியாகத் தவிப்பதும் ஓர் ஆபத்துதான்.


வைகைக்கரை
மே 7, 2025, காலை 7:15

விடிவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. இரவு ஒரு மணிக்கு மேல் பாகிஸ்தான் பக்கம் ஒன்பது இடங்களில் நம் படைகள் அடித்திருக்கின்றன. சிந்தூர், அதாவது குங்குமம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பஹல்காமில் கணவனின் உடல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களை நினைத்து வைத்த பெயர். மனைவி அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பூஞ்ச் பக்கம் பதிலுக்குப் பீரங்கிக் குண்டு விழுகிறது, மக்கள் இறந்திருக்கிறார்கள் என்று செய்தியில் ஓடுகிறது. எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். வங்கி உண்டு, போகிறேன்.

ஹவில்தார் ஐயா, பையைக் கட்டிவிட்டேன். மணல்தான் கிடைக்கவில்லை. கீழ்வீட்டு பீஜி தோட்டத்து மண்ணை வாளியில் அள்ளிக் கொடுத்துவிட்டார். பீஜி என்றால் நம் ஊர் அப்பத்தா மாதிரி. வீட்டுக்கார அம்மா, வயது 82. நாலு வயதில், 1947-ல், சட்லஜுக்கு அந்தப் பக்கம் கசூரிலிருந்து அவர் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்தவர். நம் ஊர் ஓட்டல்களில் குருமாவுக்கு மேல் தூவுகிறார்களே கசூரி மேத்தி, அந்தக் கசூர்தான்.


கோண்டாவில் அக்கா
மே 7, 2025, மாலை 6:40

தம்பி, நான் இப்போது கனடாவில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். அதை எங்கட அம்மாவும் ஒருநாள் கேட்டவ.

1995 ஜூலை 9, யாழ்ப்பாணம். எனக்கு அப்போது பதினொரு வயது. வீட்டு வளவில் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டிருந்தோம். விமானம் இரையும்போது அம்மா எங்கள் மூன்று பேரையும் சீலைக்குள் மூடிக்கொண்டு, "பிள்ளையாரப்பா, இந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. சத்தம் தள்ளிப் போய்க் கேட்டது. அம்மா பெருமூச்சு விட்டா. பிறகுதான் சேதி வந்தது. நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயம். தஞ்சம் என்று கோயிலுக்குள் போயிருந்த சனம், நூற்றுக்கு மேல்.

அம்மா அன்று சாப்பிடவில்லை. சுவாமி அறைக்கும் போகவில்லை. பெட்டியைத் திறந்து தன்னுடைய நூல் சீலைகளை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினா. கிழித்து, அவித்து, காய வைத்து, சுருட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து விட்டா. காயக்காரருக்குக் கட்டுவதற்குத் துணி இல்லாத காலம் அது. கலியாணக் கூறை ஒன்றைத்தான் மிச்சம் வைத்தா. அடுத்த நாள் விளக்கு வைத்துக் கும்பிட்டா. வேண்டுதலை அவ நிறுத்தவில்லை, தம்பி. ஆனால் அதற்குப் பிறகு கும்பிட்டு முடிந்த கையோடு யாருக்காவது எதையாவது செய்யாமல் இருந்ததே இல்லை. அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோதும், கைதடிப் பாலம் தாண்டும் சனநெரிசலில் எங்கட தண்ணீர்ப் போத்தலை ஆரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்தவ. எனக்கு அப்போது சரியான கோபம்.

நீங்கள் கேட்டது பிழை இல்லை. கேட்காத தாய் தகப்பன் இல்லை.


ஜம்மு மருமகள்
மே 8, 2025, காலை 11:05

அண்ணா, என் வீட்டுக்காரர் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருக்கிறார். நான் சிவகங்கைப் பக்கம் மாமியார் வீட்டில், இரண்டு பையன்களோடு. நேற்று இரவு ஒரு நிமிடம் பேசினார். "சாப்பிட்டியா" என்று நான் கேட்டேன், "சாப்பிட்டேன்" என்றார், வைத்துவிட்டார். உங்கள் பிள்ளை உங்கள் மடியில் இருக்கிறாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத்தான் வந்தேன். குறை சொல்ல வரவில்லை.


வைகைக்கரை
மே 8, 2025, பிற்பகல் 2:30

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். உங்கள் வீட்டுக்காரருக்காக இன்றைக்கு வேண்டிக்கொண்டாள். இன்று மீனாட்சி திருக்கல்யாணம் இல்லையா. மதுரையில் இருந்திருந்தால் சித்திரை வீதிக் கூட்டத்தில் நின்றிருப்போம். இங்கே காலையில் போனைத் தம்ளரில் சாய்த்து வைத்து நேரலை பார்த்தோம். அம்மனுக்கு மங்கல நாண் பூட்டும் நேரத்தில் இவளும் புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டாள். அம்மா கொரியரில் அனுப்பியிருந்த மஞ்சள் கயிறு. கீழிருந்து பீஜியும் வந்து உட்கார்ந்து பார்த்தார். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். "எங்கள் ஊர் ராணிக்கு" என்றேன். உடனே போய்க் கொஞ்சம் வெல்லம் எடுத்து வந்து எல்லார் வாயிலும் வைத்தார்.


வைகைக்கரை
மே 9, 2025, காலை 6:10

நேற்று இரவு விளக்கெல்லாம் போய்விட்டது. ஜம்முவிலிருந்து பஞ்சாப் வரை டிரோன் என்றார்கள். தரம்சாலாவில் ஐ.பி.எல். ஆட்டத்தையே பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று தம்பி செய்தி அனுப்பினான்.

நாங்கள் மூன்று பேரும் குளியலறைக்கு வெளியே இருக்கும் சின்ன நடையில், பாயைப் போட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் சத்தம் கேட்டது. இடியா இல்லையா என்று முதலில் தெரியவில்லை. இடி உருண்டு முடியும், இது வெட்டினாற்போல நின்றது. பாப்பா அழவில்லை. அம்மாவின் புதுக் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். விடிந்ததும் பார்த்தால் உதடு, கன்னம், இரண்டு உள்ளங்கை எல்லாம் மஞ்சள். அதைத் துடைக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

கவசம் சொன்னேன். தொட்டுத் தொட்டுத்தான் சொன்னேன். கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் வாய் தானாகச் சொல்கிறது.

இன்று டிக்கெட் போட்டுவிடலாம் என்று காலையில் முடிவு செய்தோம்.


வைகைக்கரை
மே 9, 2025, மாலை 5:20

டிக்கெட் போடவில்லை. காரணம் சொல்கிறேன்.

மத்தியானம் வங்கியிலிருந்து சாப்பிட வந்தால் வாசலில் டிராக்டர் நிற்கிறது. டிரெய்லரில் கட்டில், கோதுமை மூட்டை, ஒரு மின்விசிறி. பீஜியின் தங்கை மகள் குடும்பம். எல்லையை ஒட்டிய கிராமத்திலிருந்து பெண்களும் குழந்தைகளுமாக ஆறு பேர். ஆண்கள் மாடுகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார்களாம். 2016-லும் ஒருமுறை பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்த ஊர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள், அப்போதும் இந்த வீட்டுக்குத்தான் வந்தோம் என்று அந்த அம்மா சொன்னார். பயமில்லாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி அவர் முகத்தில்.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. நாங்கள் எந்த வீட்டை விட்டு ஓடலாம் என்று பார்த்தோமோ, அது அவர்களுக்குத் தப்பித்து வந்து சேர்ந்த இடம். மனைவி ஒன்றும் பேசாமல் பெரிய குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தாள். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும். அந்தப் பிள்ளைகள் கறிவேப்பிலையை ஒதுக்கி ஒதுக்கி வைத்துவிட்டுத் தட்டைக் காலி செய்தன.

அனுப்பக் கூடாது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா போனில் அழுகிறார், அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.


வேலூர் ஹவில்தார்
மே 9, 2025, மாலை 6:05

ஒன்பது பேருக்கு அந்த நடை போதாது. கீழ்வீட்டில் உள் அறை இருந்தால் எல்லாரும் அங்கேயே இருங்கள். குழந்தைகளுக்குச் செருப்பு போட்டே படுக்க வையுங்கள். கண்ணாடி உடைந்தால் ஓடத் தோதாக இருக்கும்.


வைகைக்கரை
மே 10, 2025, காலை 5:40

நேற்று இரவு கை பேமே கீ என்ற கிராமத்தில் ஒரு வீட்டின் மேல் டிரோன் விழுந்து தீப்பிடித்துவிட்டது. ஃபிரோஸ்பூருக்குப் பக்கத்து ஊர்தான். ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்குத் தீக்காயம்.

அந்த நேரம் கீழ்வீட்டு அறையில் பத்துப் பேர் இருந்தோம். வானத்தில் சிவப்பாகப் போனதாகப் பையன் ஒருவன் சொன்னான். நான் பாப்பாவின் தலையில் கை வைத்து, கவசம் கிவசம் எதுவும் நினைவுக்கு வராமல், "இங்க வேண்டாம் தாயே, இங்க வேண்டாம் தாயே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கே விழவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. அங்கே ஒரு வீடு எரிந்துவிட்டது. அக்கா, உங்கள் அம்மா பெட்டியைத் திறந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது.


குமரிக்காரன்
மே 10, 2025, காலை 8:30

தம்பி, நான் கிறிஸ்தவன். ஆயிரம் பேர் உன் பக்கத்தில் விழுந்தாலும் அது உன்னை அணுகாது என்று 91-ஆம் சங்கீதத்தில் வரும். எங்கள் வீட்டு நிலைவாசலுக்கு மேலேயே மாட்டி வைத்திருக்கிறோம். ஒக்கி புயலில் என் மாமா கரை திரும்பியபோது இந்த வசனத்தைத்தான் சாட்சியாகச் சொன்னோம். எங்கள் தெருவிலேயே திரும்பாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே வசனம் தொங்கியது. அந்த ஆயிரம் பேர் யார் என்று இத்தனை வருடம் நான் நினைத்ததே இல்லை. உங்கள் எழுத்தைப் படித்த பிறகு இன்று காலை ஜெபத்தில் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.


வைகைக்கரை
மே 10, 2025, பகல் 12:15

அண்ணா, நேற்று இரவு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

சத்தமெல்லாம் அடங்கிய பிறகு பீஜி இருட்டிலேயே எழுந்து நின்று கைகூப்பி அர்தாஸ் சொன்னார். சீக்கியர்கள் தினமும் சொல்லும் வேண்டுதல். பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள், நாங்களும் நின்றோம். அது "சர்பத் தா பலா" என்று முடியும். எல்லாருக்கும் நன்மை உண்டாகட்டும் என்று அர்த்தம். குருத்வாராவில் எத்தனையோ தடவை காதில் விழுந்ததுதான், அதுவரை அதை நான் கவனித்துக் கேட்டதில்லை.

முடிந்ததும் கேட்டேன்: "பீஜி, எல்லாரும் என்றால் அந்தப் பக்கமுமா?" அவர் என்னைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சர்பத் என்றால் சர்பத்தான் மகனே, அதில் யாரைக் கழிப்பது? நான் பிறந்த வீடு அங்கே இருக்கிறது" என்றார்.

"இங்கே வேண்டாம்" என்பதைத் தவிர வேறு மாதிரியும் கேட்க முடியும் என்று அப்போதுதான் பட்டது. எங்குமே விழ வேண்டாம் என்று. அப்படிக் கேட்டால் நடக்குமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கேட்கும்போது பாப்பாவின் தலைமேல் இருக்கும் கை கூசவில்லை.


ஜம்மு மருமகள்
மே 10, 2025, பகல் 1:00

அண்ணா, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். என்னால் அப்படி வேண்ட முடியாது. என் வீட்டுக்காரருக்கு எதிரே துப்பாக்கியோடு நிற்பவனும் நன்றாக இருக்கட்டும் என்று என் வாயால் வராது. அந்த 26 வீட்டுப் பெண்களிடமும் போய் இதைச் சொல்ல முடியுமா? பீஜி பெரிய மனுஷி. நான் இப்போதைக்கு ஒருத்தருக்காக மட்டும்தான் வேண்டுகிறேன்.


கோண்டாவில் அக்கா
மே 10, 2025, பகல் 1:25

பிள்ளை, நீங்கள் அவருக்காகவே வேண்டுங்கோ. நாங்களும் அவருக்காக வேண்டுகிறோம். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.


வைகைக்கரை
மே 10, 2025, பகல் 1:50

தங்கச்சி, நீங்கள் சொல்வது நியாயம். சுட்டவர்களுக்குத் தண்டனை கிடைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. கசூரிலும் இப்படி ஒரு நடையில் ஒருத்தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் நினைப்பது அவனைத்தான். உங்கள் இடத்தில் என் மனைவி இருந்தால் அவளும் உங்களைப் போலத்தான் பேசுவாள்.


ஈரோட்டுக்காரன்
மே 10, 2025, மாலை 6:10

ஐந்து மணியோடு சண்டை நிறுத்தம் என்று அறிவித்துவிட்டார்கள். பாப்பாவுக்கு ஒரு முத்தம் கொடுங்கள்.


ஜம்மு மருமகள்
மே 11, 2025, காலை 9:20

இரவு மறுபடியும் சத்தம் என்று செய்தியில் பார்த்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் அவரே கூப்பிட்டார். ஏழு நிமிடம் பேசினார். பெரியவனிடம் கணக்குப் பாடம் கேட்டார். உங்கள் எல்லாருக்கும் நன்றி.


வைகைக்கரை
மே 12, 2025, இரவு 9:00

படித்ததும் அழுகை வந்துவிட்டது தங்கச்சி. நல்லா இருக்கட்டும்.

இன்று விடியற்காலை அழகர் வைகையில் இறங்குவதை எல்லாருமாகப் பார்த்தோம். டிராக்டரில் வந்தவர்களில் மூன்று பிள்ளைகள் என் போனுக்கு முன்னால் அடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு மேல் அவர்கள் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மின்விசிறியை மட்டும் விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றே விட்டதா, மறந்ததா தெரியவில்லை. அம்மாவிடம் அடுத்த மாதம் பாப்பாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். மனைவி வங்கிக்கே வந்து கிளைக்காரர்களோடு சேர்ந்து, தீக்காயம் பட்ட அந்தக் குடும்பத்துக்காகக் கொஞ்சம் பணம் கொடுத்தாள்.

ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் தாளை நான் பிய்த்துக்கொண்டிருந்தபோது பீஜி மேலே ஏறி வந்தார். முழங்கால் வலிக்காரர், படி ஏறவே மாட்டார். "மகனே, உன் போனில் கசூர் என்று போட்டுப் பார். அங்கே யாருக்காவது ஏதாவது ஆனதா?" என்றார். தேடினேன். கொஞ்ச நேரம் தேடினேன். ஊர்ப் பெயரோடு எதுவும் கண்ணில் படவில்லை பீஜி என்றேன்.

"சங்கா" என்றார். நல்லது என்று அர்த்தம். பாப்பா தூங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.